கெளுத்தியின் கண்களும் ஒரு மலிவுத் துப்பாக்கியும்

அத்தியாயம் 5

"உன் துப்பாக்கிய எனக்கு வித்துடு, வெண்டல்," என்றாள் துப்பறியும் லுரீன் டாக்கெட், காரிலிருந்து ஒரு காலை மட்டும் தரையில் வைத்தபடி.

வெண்டல் பிராட்டர் மஞ்சள் நிற ஸ்கூல் பஸ்ஸின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அந்த பஸ்ஸை அவன் ஓட்டக்கூடாது என்று போன வாரம் உத்தரவாகிவிட்டது. துடைக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அதனால் நாள் முழுக்கத் துடைத்தான். கண்ணாடி இருக்கிறதா இல்லையா என்று குருவிகளே குழம்பிப்போய் மோதிக்கொண்டிருந்தன.

காரின் இன்னொரு பக்கத்திலிருந்து இறங்கிய ஹோபிக்குத் தூக்கிவாரிப்போட்டது. லுரீனிடம் அவன் உதவியாளனாகச் சேர்ந்ததிலிருந்து ஆபீஸில் இருந்த ஒரே ஆயுதம் ஸ்டேப்ளர். அதுவும் பாதி நேரம் சிக்கிக்கொள்ளும்.

"பாஸ், நாம இவன் மேல விழுந்த பழியத் துடைக்க வந்தோமா, ஷாப்பிங் வந்தோமா?"

"ரெண்டுக்கும்தான். வாய மூடிக்கிட்டு கண்ணத் திற."

விவகாரம் இதுதான். மஸ்ஸல் ஃபோர்க் ஊரில் தூண்டில் இரை விற்கிற கடையின் கூரை மேல் கார் நீளத்துக்கு ஒரு ஃபைபர் கெளுத்தி மீன் உட்கார்ந்திருக்கும். யார் அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினாலும் அதன் கண் இரண்டும் சிவப்பாக எரியும், வாய் திறக்கும், "வாங்கடா, வந்து கடிங்கடா!" என்று ஆற்றின் அக்கரைக்குக் கேட்கும்படி கத்தும். போன புதன்கிழமை பொழுது சாயும் நேரத்தில் யாரோ அதைச் சுட்டுவிட்டார்கள். இடது கண், வலது கண், வாய்க்குள் இருந்த ஒலிபெருக்கி. மூன்று வெடிக்கும் நடுவில் ஒரு தும்மலுக்குக்கூட இடமில்லை என்று கடைக்காரன் சத்தியம் செய்தான்.

அவ்வளவு வேகமாகச் சுட வேண்டுமானால் செமி ஆட்டோ துப்பாக்கி வேண்டும். விசையை அழுத்த அழுத்த, அடுத்த தோட்டா தானாக ஏறிக்கொள்ளும். ஆனால் மஸ்ஸல் ஃபோர்க் பம்ப் துப்பாக்கிக்காரர்களின் ஊர். ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் முன்பிடியைக் கையால் பின்னுக்கு இழுத்து, முன்னுக்குத் தள்ளி, அடுத்த தோட்டாவை ஏற்றுகிறவர்கள். அந்தச் சிரமம் படாதவனை, ஜெபம் சொல்லாமல் சாப்பாட்டில் கை வைக்கிறவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். ஊரறிய செமி ஆட்டோ வைத்திருந்தவன் வெண்டல் ஒருத்தன்தான். ஆகவே பழியை அவன் மேல் போடும்போது துணை ஷெரிஃப் ரஸ்டி அதிகம் யோசிக்கவில்லை. அவனுக்கு அந்தப் பழக்கமும் இல்லை.

இன்று சாயங்காலம் பள்ளிக் குழு கூடுகிறது. ஊருக்குள் துப்பாக்கியால் சுட்டவன் கையில் பிள்ளைகளை ஒப்படைக்க முடியாது என்று முடிவாகிவிட்டால் வெண்டலின் பஸ் போச்சு. அந்த பஸ்ஸைத் தவிர அவன் எதையும் உருப்படியாக ஓட்டியதில்லை. பேச்சில் மட்டும் எல்லாவற்றையும் ஓட்டுவான்.

"விக்கிறதா?" என்றான் வெண்டல். "லுரீன், அது என்ன துப்பாக்கின்னு தெரியுமா? பெரிய கம்பெனிக்காரன் கேக்கற விலைல கால்வாசிதான். ஆனா தையல் மிஷின் மாதிரி ஓடும். எந்தத் தோட்டாவப் போட்டாலும் சாப்பிடும்."

"ஒரு தடவகூட சிக்கினதில்ல?"

"சிக்கறதா!" வெண்டல் நெஞ்சில் கை வைத்தான். "அந்த வார்த்தையே அதுக்குத் தெரியாது."

"அப்ப கொண்டா, பாக்கலாம்."

வெண்டல் கொண்டுவந்து நீட்டியதைப் பார்த்து ஹோபி ஒரு அடி பின்னால் போனான். முழுக்கக் கறுப்பு. குழலில் 'பிளாக் ஜாக்கல்' என்று கொட்டை எழுத்தில் பொறித்திருந்தது. குழலுக்கு மேலே ஒரு உலோகச் சல்லடை. கீழே ஒரு டார்ச். டார்ச்சுக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி காட்டும் லேசர். பக்கவாட்டில் உதிரித் தோட்டாக்களின் அணிவகுப்பு. கைப்பிடியின் அடியில் ஒரு திசைகாட்டி.

"திசைகாட்டி எதுக்கு வெண்டல்?" என்றான் ஹோபி. "சுட்டுட்டு வீட்டுக்கு வழி கண்டுபிடிக்கவா?"

"அது கூடவே வந்துது."

"இந்தச் சல்லடைல கேரட் துருவலாம்போல. கிறிஸ்துமஸுக்கு ரெண்டு கலர் பல்பு மட்டும்தான் பாக்கி."

லுரீன் சிரிக்கவில்லை. துப்பாக்கியை வாங்கினாள். குழலைத் தரைக்குத் திருப்பினாள். தோட்டா அறையை மூடும் போல்ட்டை இழுத்துத் திறந்து எட்டிப்பார்த்தாள், அது போதாதென்று சுண்டு விரலை உள்ளே விட்டும் பார்த்தாள். காலி என்று உறுதியான பிறகுதான் தோளுக்குக் கொண்டுபோனாள். கண்ணை மூடிக்கொண்டு தோளில் பொருத்தினாள். திறந்தபோது குறி நேராகக் கண்ணுக்கு வந்து நின்றதா என்று பார்த்தாள். கட்டையைத் தட்டினாள். திருகுகளை நகத்தால் நெருடினாள். தோட்டா நுழைகிற வாயின் விளிம்பு கூராக இருக்கிறதா என்று தடவினாள்.

"கைக்கு அடக்கமாத்தான் இருக்கு. விசையும் மோசமில்ல," என்றாள். "தோட்டா என்ன வெச்சிருக்க?"

வெண்டல் கார் ஷெட்டின் அலமாரியைக் காட்டினான். கீழ்த்தட்டில் வாத்து வேட்டைக்கான கனத் தோட்டாக்கள், பெட்டி பெட்டியாக, பாதி தீர்ந்தவை. மேல்தட்டில் லேசுத் தோட்டா ஒரே ஒரு பெட்டி. அதன் மேல் சிலந்தி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

லுரீன் அந்தச் சிலந்தியை மரியாதையாகப் பார்த்தாள். பிறகு வெண்டலின் வலது கட்டைவிரலைப் பார்த்தாள். நகம் முழுக்க நாவல்பழ நிறம்.

"விரல்ல என்ன?"

"பஸ் கதவு."

"பஸ் கதவு காத்தழுத்தத்துல தானா திறந்து மூடறதாச்சே?"

"இது... வேற கதவு."

லுரீன் ஹோபியின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். "புரியுதா?"

"புரியுது பாஸ். சிக்கின லேசுத் தோட்டாவ நோண்டி எடுக்கறப்போ போல்ட்டு விரலக் கடிச்சிருக்கு. எதையும் சாப்பிடும்னானே, மொதல்ல விரலத்தான் சாப்பிட்டிருக்கு." ஹோபிக்கு எரிச்சலாக வந்தது. "அப்ப இந்தத் துப்பாக்கி மூணு தடவ சேர்ந்தாப்ல சுடாது. அத வாயத் திறந்து சொன்னா ஆளு தப்பிச்சுடுவான். ஏன் சொல்ல மாட்டேங்கறான்?"

"ஒரு வருஷமா டீக்கடை, முடிவெட்டற கடைன்னு ஒரு இடம் விடாம இதப் புகழ்ந்திருக்கான். ஏமாந்தேன்னு சொல்றதுக்கு பஸ்ஸையே விட்டுடுவான்." லுரீன் குரலை உயர்த்தினாள். "வெண்டல்! சுட்டுப் பாக்காம வாங்கற வழக்கம் எனக்கில்ல. கிளம்பு, சுடுகளத்துக்கு."

வெண்டலின் முகம் மாறியது. "இன்னிக்கு வேண்டாம் லுரீன். காத்து சரியில்ல."

ஓக் மரத்தில் ஒரு இலைகூட ஆடவில்லை.

*

ஊர்ச் சுடுகளத்தில் ஒரு சட்டம் உண்டு. எழுதி வைத்ததில்லை, எழுதி வைத்ததை இந்த ஊரில் யாரும் மதிப்பதுமில்லை. கை மாறப்போகிற எந்தத் துப்பாக்கியும் முதலில் மிஸ் ஜெனீவாவின் காபி டப்பாவைத் தாண்ட வேண்டும். கடையில் கிடைப்பதிலேயே மலிவான, லேசான தோட்டாக்கள் அந்த டப்பாவில் இருக்கும். ஐந்தை எடுத்து வரிசையாகச் சுட வேண்டும். நடுவில் ஒரு தடவை சிக்கினாலும் வாங்க வந்தவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். கனத் தோட்டா போட்டால் துடைப்பக்கட்டைகூடச் சுடும் என்பது மிஸ் ஜெனீவாவின் கருத்து.

மிஸ் ஜெனீவா ஸ்டம்ப் சுடுகளத்தின் பொறுப்பாளர். ஞாயிற்றுக்கிழமைகளில் பைபிள் வகுப்பு, புதன்கிழமைகளில் ஜெபக் கூட்டத்துக்குப் பெக்கன் பை என்று கொட்டையும் பாகும் நிரப்பித் தட்டோடு சுட்டெடுக்கிற இனிப்பு. ஆள் ஐந்தடிகூட இருக்க மாட்டார். தோளில் தொங்கிய பழைய பம்ப் துப்பாக்கி அவரைவிட ஒரு சாண்தான் குட்டை. ஒருமுறை கோழிக்கூண்டுக்கு மேல் பறந்த பருந்தைக் குறிவைத்தார் என்றும், பருந்து தானாகவே கீழே இறங்கி வந்து மன்னிப்புக் கேட்டது என்றும் சொல்வார்கள்.

பலகை மேஜையில் துணை ஷெரிஃப் ரஸ்டி உட்கார்ந்து பை தின்றுகொண்டிருந்தான். மேஜையில் இன்னும் இரண்டு பை இருந்தன.

"வாங்க லுரீன்," என்றான் வாய் நிறைய. "இன்னிக்குப் பை பிரமாதம். போன புதன்கிழமைதான் கரிக்கட்டையாயிடுச்சு. மிஸ் ஜெனீவா பை கருகி நான் பாத்ததே இல்ல. சர்ச்சே துக்கம் கொண்டாடுச்சு."

"அடுப்பு பழசு, தம்பி," என்றார் மிஸ் ஜெனீவா, பார்வையை வேறெங்கோ வைத்துக்கொண்டு.

லுரீனின் காது ஒரு நூல் அளவு நிமிர்ந்ததை ஹோபி பார்த்தான். முயலுக்கும் அவளுக்கும் மட்டுமே அப்படி நிமிரும்.

"ஹோபி," என்றாள். "அந்த ரெண்டு பையையும் தின்னு தீத்துடு."

"பாஸ்?"

"எனக்குத் தட்டு வேணும். மூணு காலித் தட்டு."

"நீங்க விஷம் குடிக்கச் சொன்னாலும் குடிப்பேன். இது வெறும் பைதானே." ஹோபி உட்கார்ந்தான். எதற்கு என்று கேட்கவில்லை; வாயில் இடமில்லை.

அதற்குள் வெண்டல் பிளாக் ஜாக்கலோடு மண்மேட்டுக்கு எதிரே போய் நின்றிருந்தான். தோட்டா போடும்போது அவன் கை மேஜையில் இருந்த காபி டப்பாவுக்குப் போவதுபோல் போய், சட்டைப் பைக்குத் திரும்பியது.

"அண்ணாச்சி," என்றான் ஹோபி பையை மென்றபடி, "சட்டைப் பைல இருக்கறது கனம். சட்டையே ஒரு பக்கமாச் சாயுது பாருங்க."

வெண்டல் பெருமூச்சோடு டப்பாவிலிருந்து ஐந்து எடுத்துப் போட்டான். தோளில் வைத்தான். விசையை அழுத்தினான்.

டுமீல்.

இரண்டாவது தடவை அழுத்தினான். 'ளொக்' என்றொரு சத்தம். சுட்ட தோட்டாவின் காலிக் கூடு வெளியே விழாமல் பாதியில் நின்று, ஜன்னலில் மாட்டிக்கொண்ட திருடன்போல் விழித்தது.

"காத்து," என்றான் வெண்டல்.

கூட்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மறுபடி சுட்டான். டுமீல். ளொக். மறுபடி. டுமீல். ளொக்.

"நிறுத்து," என்றாள் லுரீன். "ரஸ்டி, பாத்தியா? லேசுத் தோட்டாவோட உதைக்கு இந்த போல்ட்டப் பின்னால தள்ளத் தெம்பு பத்தல. மீன்லேருந்து கடைக்காரன் பொறுக்கி எடுத்த ஈய ரவை எப்படி இருந்துது?"

"கடுகு மாதிரி," என்றான் ரஸ்டி. "லேசுத் தோட்டா ரவைதான்." கரண்டி நடுவழியில் நின்றது. "அப்ப... வெண்டல் இல்லியா?"

"இவன் சுட்டிருந்தா மீனுக்கு ஒரு கண்ணு மிஞ்சியிருக்கும்."

"அப்புறம் யாரு? அவ்வளவு வேகமா சுடற துப்பாக்கி ஊர்ல வேற இல்லியே."

"அதான் எனக்கும் புரியல." லுரீன் காலியான பைத் தட்டு மூன்றையும் எடுத்தாள். மண்மேட்டுக்கு முன்னால் நட்டிருந்த பலகையில் இரண்டை மேலே பக்கம் பக்கமாகவும் ஒன்றைக் கீழே நடுவிலும் ஆணியில் மாட்டினாள். திரும்பி வந்து கொட்டாவி விட்டாள். "எப்படியும் நான் ஒரு செமி ஆட்டோ வாங்கத்தான் போறேன். இது இல்லன்னா இன்னொண்ணு. பம்ப் காலமெல்லாம் மலையேறிப்போச்சு. மூணு தட்டு, மூணு வெடி, மூச்சு விடறதுக்குள்ள. பம்ப்ப வெச்சுக்கிட்டு எவனாலயும் ஆகாது. இழுத்து, தள்ளி, இழுத்து, தள்ளி... அடிபம்ப்புல தண்ணி அடிக்கறவங்களுக்குத்தான் அது லாயக்கு."

ரஸ்டி மெல்லுவதை நிறுத்தினான். வெண்டல்கூடத் தன் துக்கத்தை மறந்து மிஸ் ஜெனீவாவைப் பார்த்தான்.

மிஸ் ஜெனீவா கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். "என்ன சொன்ன, பொண்ணே?"

"பம்ப்ல வேகம் வராதுன்னேன், மிஸ் ஜெனீவா. உங்க வயசுக்கு அது பேசாம மாட்டி வெக்க நல்ல சாமான்."

அடுத்து நடந்ததை ஹோபி சாகும்வரை சொல்லித் திரிவான், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டி. தோளில் தொங்கிய துப்பாக்கி எப்போது கைக்கு வந்தது என்று யாரும் பார்க்கவில்லை. மூன்று வெடியும் ஒரே நீள வெடியாகத்தான் கேட்டது. இடது தட்டு போயிற்று, வலது தட்டு போயிற்று, கீழ்த்தட்டு பறந்து மண்மேட்டின் உச்சியில் போய் உட்கார்ந்தது. அதற்குப் பிறகுதான் முதல் காலிக் கூடு தரையில் விழுந்து, தாமதத்துக்கு வெட்கப்பட்டதுபோல் உருண்டது.

பலகையில் மூன்று ஓட்டைக் கூட்டங்கள். மேலே இரண்டு, கீழே ஒன்று. கண், கண், வாய்.

"பாஸ்," என்றான் ஹோபி மெதுவாக, "இந்த முகத்த நான் எங்கியோ பாத்திருக்கேன். கூரை மேல."

"சர்ச் சமையலறை ஜன்னலத் திறந்தா நேரா எதுக்க இரைக்கடைதான்," என்றாள் லுரீன். "புதன்கிழமை, ஜெபக் கூட்டம். பை அடுப்புல இருந்துது. அதப் பாத்துக்க வேண்டியவங்க கொஞ்ச நேரம் ஜன்னல்ல நின்னிருக்காங்க. பை கருகிடுச்சு."

ரஸ்டி எழுந்து நின்றான். உடனே உட்கார்ந்தான். "லுரீன், எனக்குப் பத்துக் கட்டளை சொல்லிக்கொடுத்தவங்க இவங்க. தட்டச் சுடறது குத்தமில்ல. கருகின பையும் சாட்சி சொல்லாது."

"பழைய அடுப்பு," என்றார் மிஸ் ஜெனீவா, முகத்தில் ஒரு சுருக்கமும் அசையாமல்.

லுரீன் கையை விரித்தாள். "சரி, விடு. வெண்டல் மேலயே இருக்கட்டும். அன்னிக்கு மட்டும் அவன் துப்பாக்கி சிக்காம ஓடியிருக்கும். என்ன வெண்டல்? இந்த மாவட்டத்துலயே இப்படி ஒரு சூட்ட யாரும் சுட்டதில்ல. இடது கண்ணு, வலது கண்ணு, வாயி. உன் பேரப்பிள்ளைங்ககூடச் சொல்லிப் பெருமைப்படும்."

வெண்டலின் முதுகு தானாக நிமிர்ந்தது. பஸ், பள்ளிக் குழு, எல்லாமே அவன் கண்ணிலிருந்து ஒரு கணம் நழுவிப்போனது ஹோபிக்குத் தெளிவாகத் தெரிந்தது. "நானே சொல்லிக்கக்கூடாது," என்றான் வெண்டல். "அன்னிக்குக் காத்து நல்லா இருந்துது. முதல்ல இடது கண்ணக் குறி வெச்சேன். இந்தக் கைல ஒரு நிதானம்..."

"நீயா!"

மிஸ் ஜெனீவாவின் குரலில் மண்மேட்டிலிருந்த தட்டு சரிந்து கீழே விழுந்தது.

"சர்ச்சுக்குள்ள நின்னுக்கிட்டு சர்ச் சுவரக் குறி பாத்தாக்கூட உனக்குத் தப்பிடும்! என் சூட்ட நீ சுட்டேங்கறியா? அதுவும் இந்தத் துருவுகட்டையால? நாங்க எல்லாரும் கண்ண மூடி 'எங்களைச் சோதனைக்கு உட்படுத்தாதேயும்'னு சொல்றோம், அந்தப் பிசாசு 'வாங்கடா, வந்து கடிங்கடா'ங்குது! வாரா வாரம்! கர்த்தர் பொறுத்துக்கிட்டார். நான் பொறுக்கல. காருல இருந்த துப்பாக்கிய எடுத்தேன், மூணு வெடி. ஒண்ணுகூட வீணாகல. போடு ரஸ்டி, விலங்கப் போடு. ஆனா பம்ப்னு எழுது!"

ரஸ்டி விலங்கைத் தேடவில்லை, கைக்குட்டையைத் தேடினான். பிறகு போனை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்து, பள்ளிக் குழுத் தலைவி வில்டா ஓக்ஸை அழைத்தான். விஷயத்தைச் சொன்னான்.

"மிஸ் ஜெனீவாவா?" வில்டா சிரித்தாள். "ரஸ்டி, அந்தப் புண்ணியவதி யாருக்காகன்னாலும் பழிய ஏத்துப்பாங்க. சர்ச் பியானோவ எலி கடிச்சதுக்கே நான்தான் காரணம்னு அழுதவங்க. அந்த வெண்டலுக்காக இதச் சொல்றாங்க. பம்ப்ல அப்படிச் சுட முடியாது, செமி ஆட்டோதான்னு என் வீட்டுக்காரரே அடிச்சுச் சொன்னார். நீ போன வை. சாயங்காலம் தீர்மானம் போட்டுடறோம்."

"நான்தான்டி சுட்டேன்!" என்று மிஸ் ஜெனீவா கத்தினார்.

"பாத்தியா, எவ்வளவு நல்ல மனசு," என்றாள் வில்டா.

ஹோபி தன் பாஸைப் பார்த்தான். லுரீனிடம் வேறு வித்தை எதுவும் மிச்சமில்லை. அவள் வெண்டலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெண்டல் பிளாக் ஜாக்கலைப் பார்த்தான். தூரத்தில் சாலையில் யாரோ தற்காலிக டிரைவர் ஓட்டிய மஞ்சள் பஸ் ஒன்று கியர் மாற்றத் தெரியாமல் கர்ர்ரென்று அழுதுகொண்டே போனது. அந்தச் சத்தத்தில் வெண்டலின் முகம் பல்வலிக்காரனைப்போல் கோணியது. போனை ரஸ்டியின் கையிலிருந்து பிடுங்கினான்.

"வில்டா, நான் வெண்டல். என் துப்பாக்கி... ரெண்டாவது தோட்டாவச் சுடாது. வாங்கின நாள்லேருந்தே. லேசானது போட்டா சிக்கும். என் கட்டைவிரல் நகம் போச்சு. தையல் மிஷின்னு ஊரெல்லாம் சொன்னது பொய். ஏமாந்துட்டேன். இப்ப சுடுகளத்துல எல்லாரும் பாத்தாச்சு."

வில்டாவின் குரல் திரும்ப வந்தது. சிரிப்பு போயிருந்தது.

"என்ன பேரு அதுக்கு?"

"பிளாக் ஜாக்கல்."

"லைன்லயே இரு."

ரிசீவரை எங்கோ வைக்கிற சத்தம். அப்புறம் தொலைவில், ஆனால் எழுத்து எழுத்தாகத் தெளிவாக: "ஹார்லன்! எனக்குத் தெரியாதுன்னு பரண்ல கம்பளில சுத்தி வெச்சிருக்கியே, அத எடுத்துக்கிட்டு இறங்கு! தோட்டா சரியில்ல, தோட்டா சரியில்லன்னு எத்தன பெட்டி வாங்கின! வெண்டலே சொல்றான், தோட்டா மேல தப்பில்லியாம்!"

ஒரு ஆண் குரல் ஏதோ சொன்னது. ஏணி சரிந்தது. கதவு ஒன்று அடித்துக்கொண்டது. வில்டா திரும்பி வந்தாள்.

"வெண்டல், நாளைக்குக் காலைல பஸ்ஸ எடு. தீர்மானம் எதுவும் இல்ல. மிஸ் ஜெனீவா, மீனுக்கு நீங்களே கண்ணு வெச்சுக் குடுத்துடுங்க, புதன்கிழமை சாயங்காலம் அது வாயத் திறக்காதபடி நான் கடைக்காரன்கிட்ட பேசறேன். அப்புறம் வெண்டல்..."

"சொல்லு, வில்டா."

"நீ புகழ்ந்ததக் கேட்டுத்தான் என் வீட்டுக்காரர் வாங்கினாராம். அதக் கைல எடுத்துக்கிட்டு அங்கதான் வந்துட்டிருக்கார். ரொம்பக் கோவமா இருக்கார்."

போன் அணைந்தது. வெண்டலின் முகத்தில் இப்போதுதான் திரும்பி வந்திருந்த ரத்தம், வந்த வழியே போயிற்று. சாலையைப் பார்த்தான். லுரீனைப் பார்த்தான். கடைசியில் ஹோபியைப் பார்த்தான்.

ஹோபி கையில் மிச்சமிருந்த கடைசித் துண்டுப் பையை விழுங்கிவிட்டு அவன் தோளில் தட்டிக்கொடுத்தான்.

"பயப்படாத வெண்டல். மொத வெடிக்கு மட்டும் குனிஞ்சுக்க."